அமெரிக்காவில் சப்ரஸர் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவருக்கான வழிகாட்டி

என் இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன முதல் வருடம், இருட்டில் பன்றிகள் வரும் சத்தம் கேட்க வேண்டுமே என்று காதடைப்பானைக் கழற்றி வைத்திருந்தேன். .308 ரைஃபிளில் (இந்த எண் தோட்டாவின் விட்டம், அங்குலக் கணக்கில்) இரண்டே தோட்டாக்கள்தான் சுட்டேன். அன்றிரவு தொடங்கிய ரீங்காரம் இன்றுவரை நிற்கவில்லை. அந்த ரைஃபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் போகும் திடீர் ஒலி ஒரே தடவையில் காதைக் கெடுத்துவிடும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

துப்பாக்கியின் வெடிச்சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸரை வாங்க நினைத்தது இதனால்தான். வாங்கும்போது எங்கெல்லாம் குழம்பினேனோ, புதிதாக வரும் நம் ஆட்களும் அங்கேயே குழம்புகிறார்கள். சிலர் தெரியாமலேயே சட்டத்தின் தவறான பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். குடியேறியவர்களுக்கு அந்தத் தவறின் விலை மிக அதிகம். அதனால் முதல் படியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் பெயர். சட்டத்தில் இதற்குப் பெயர் சைலன்சர். கடைக்காரர்கள் சப்ரஸர் என்பார்கள், சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சில் பழகியவர்கள் 'கேன்' என்பார்கள். மூன்றும் ஒன்றுதான். ஹைரம் பெர்சி மேக்ஸிம் என்பவர் 1909இல் காப்புரிமை பெற்ற சாதனம் இது. குழலிலிருந்து சீறி வரும் சூடான வாயுவை வரிசையாக அடுக்கிய தடுப்புகளுக்குள் சுற்றவிட்டு, வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்து வெளியே விடுகிறது. கார் சைலன்சரும் இதே வேலையைத்தான் செய்கிறது. குறைவது ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபல். சினிமாவில் காட்டுவதுபோல் பக்கத்து அறைக்குக் கேட்காமல் போகாது. ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்த சப்ரஸராலும் அடக்க முடியாது. ஆனாலும் 165ஐ 135 ஆக்குவது காதுக்குப் பெரிய விஷயம். ரேஞ்சில் அதற்கு மேல் காதடைப்பானும் போட்டுக்கொள்ளுங்கள், நான் போடுகிறேன்.

முதல் கேள்வி: நீங்கள் எந்த ஸ்டேட்டஸில் இருக்கிறீர்கள்?

நண்பர்கள் வந்ததும் "எந்த மாடல் வாங்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது விசாவைப் பற்றி.

கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலாவுக்கு வரும் பி-2 எல்லாம் இதில் அடக்கம். சைலன்சரும் சட்டத்தின் கணக்கில் ஒரு துப்பாக்கிதான். 'வைத்திருப்பது' என்றால் வீட்டில் பெட்டிக்குள் பூட்டி வைப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை மாலை நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்து அரைமணி நேரம் சுடுவதும் வைத்திருப்பதுதான். ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று சொல்லிக் கூட்டிப்போகும்போது இதை யாரும் சொல்வதில்லை.

ஃப்ளோரிடாவில் இப்படித்தான் ஒரு வழக்கு நடந்தது. ரெஹைஃப் என்ற வெளிநாட்டு மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, மாணவர் ஸ்டேட்டஸ் போன நிலையில், ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். குற்றவாளி என்று தீர்ப்பானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தன் ஸ்டேட்டஸ் இப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் முடிவானது. சட்டக் கல்லூரிகளில் அது முக்கியமான தீர்ப்பு. நமக்கு அதிலுள்ள பாடம் வேறு: ரேஞ்சில் கழித்த ஒரு மாலை ஒருவரை உச்ச நீதிமன்றம் வரை அலையவிட்டிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவதொரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால், குடியேற்றம் சாராத விசாக்காரருக்கு இந்தத் தடை பொருந்தாது. டெக்சாஸில் எச்-1பி நண்பர்கள் சிலர் அப்படி உரிமம் எடுத்து ரைஃபிள் வைத்திருக்கிறார்கள். உரிமம் காலாவதியாகும் தேதியை அவர்கள் மறந்தால் அன்றே விதிவிலக்கும் போய்விடும். அந்த வழியில் சப்ரஸர் வரை போக நினைத்தால், கடைக்குப் போவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்துப் பேசுங்கள். என்னைக் கேட்டால், கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள் என்பேன். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு அப்ரூவ் ஆனது கிரீன் கார்டு ஆகாது.

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்த விஷயத்தில் குடிமகனுக்கும் உங்களுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் தப்பு செய்தால் வேறுபாடு உண்டு. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுக்காரரை நாடுகடத்தலாம் என்று குடியேற்றச் சட்டமே சொல்கிறது. இன்னொன்று: துப்பாக்கி வாங்கும் படிவத்தில் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கும் இடத்தில் அவசரத்தில் அமெரிக்கா என்று டிக் அடித்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது துப்பாக்கியைத் தாண்டி உங்கள் மொத்தக் குடியேற்ற வாழ்க்கையையும் முடித்துவிடக்கூடிய குற்றம்.

அப்புறம், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?

42 மாநிலங்களில் தனிநபர் சப்ரஸர் வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டிலும் தலைநகர் வாஷிங்டனிலும் முடியாது. நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டிலும் இருக்கும் நம் மக்கள் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை என்றே சொல்லலாம், டெக்சாஸுக்கோ ஜார்ஜியாவுக்கோ வட கரோலினாவுக்கோ மாறும் எண்ணம் இருந்தால் தவிர. தலைகீழாக, டாலஸில் சப்ரஸர் வைத்திருப்பவருக்குக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வேலை கிடைத்தால், வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றும் முன்பே அதைச் சட்டப்படி விற்றுவிட வேண்டும், அல்லது தன் பழைய மாநிலத்தில் முறைப்படி விட்டுவிட்டுப் போக வேண்டும். அனுமதிக்கும் மாநிலங்களிலும் சில்லறை விதிகள் உண்டு. கனெக்டிகட்டில் வைத்திருக்கலாம், அதைக்கொண்டு வேட்டையாடக் கூடாது.

மாநிலம் அனுமதித்தால் போதும் என்று நினைப்பது இன்னொரு பள்ளம். கன்சாஸ் மாநிலம் 2013இல் ஒரு சட்டம் போட்டது. கன்சாஸுக்குள்ளேயே செய்து கன்சாஸுக்குள்ளேயே இருக்கும் துப்பாக்கிகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம் செல்லாது என்றது அந்தச் சட்டம். அதை நம்பி ஒருவர் பதிவில்லாத சப்ரஸர் விற்றார், இராணுவத்தில் இருந்த இன்னொருவர் வாங்கினார். இருவருமே கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. வாங்கியவர் ஒளிந்து மறைந்து வாங்கவில்லை, மாநிலச் சட்டத்தை நம்பி வெளிப்படையாகத்தான் வாங்கினார். டெக்சாஸும் 2021இல் இதேபோல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 'மேட் இன் டெக்சாஸ், பேப்பர் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது

ஊரில் துப்பாக்கி என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் மனுப்போட்டு, ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் வாங்க வேண்டும். லைசன்ஸ் ஆளுக்கு. இங்கே சாதாரணத் துப்பாக்கிக்குக் கூட்டாட்சி அளவில் வாங்குபவருக்கு லைசன்ஸ் கிடையாது; விற்பவருக்குத்தான் உண்டு. ஆனால் சில வகைகளுக்கு மட்டும், ஒவ்வொரு பொருளும் அதன் வரிசை எண்ணோடு அரசின் பதிவேட்டில் உங்கள் பெயரில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டைத் தொடங்கியது 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம். என்எஃப்ஏ என்பார்கள்.

மதுவிலக்குக் காலத்து கும்பல்கள் எந்திரத் துப்பாக்கியோடு சிகாகோ தெருக்களில் சுட்டுக்கொண்ட நாட்களுக்குப் பிறகு வந்த சட்டம் அது. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கி ஒளித்துக்கொள்வார்களே என்று குட்டைக் குழல்களையும் சேர்த்தார்கள். கடைசியில் கைத்துப்பாக்கி வெளியே போய்விட்டது, குட்டைக் குழல் விதி மட்டும் தங்கிவிட்டது. அதனால்தான் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளும், 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன்னும் இன்றும் பதிவுக்கு உட்பட்டவை. கூடவே சைலன்சர், எந்திரத் துப்பாக்கி, வெடிகுண்டு வகைகள், 'மற்ற ஆயுதங்கள்' என்ற ஒரு கலவைப் பிரிவு.

தடை செய்ய முடியாததை வரியால் தடுப்போம் என்று 200 டாலர் வரி போட்டார்கள். 1934இல் அது சாதாரண மனிதர் நினைத்துப் பார்க்க முடியாத பணம். விலைவாசி ஏற ஏற வரி மட்டும் அப்படியே நின்றது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், சைலன்சருக்கும் குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன், 'மற்ற ஆயுதங்கள்' ஆகியவற்றுக்கும் அந்த வரியை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. எந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகைக்கும் 200 டாலர் தொடர்கிறது.

இங்கே ஒரு தவறான புரிதல் வேகமாகப் பரவியது. வரி போய்விட்டது, ஆகவே பதிவும் போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். போகவில்லை. படிவம், கைரேகை, புகைப்படம், ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பூஜ்ய டாலர் ஸ்டாம்ப் (ஒப்புதலோடு வரும் வரி முத்திரை) இல்லாமல் சப்ரஸரைக் கையில் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை.

எந்திரத் துப்பாக்கி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியம்: 1986 மே 19க்குப் பிறகு செய்யப்பட்டவற்றைத் தனிநபர் வாங்க முடியாது, அதற்கு முந்தையவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் விலை பல்லாயிரம் டாலர்.

முதல் துப்பாக்கி: ஃபாரம் 4473

சப்ரஸர் மட்டும் தனியாக வாங்கி என்ன செய்ய? ரைஃபிளோ கைத்துப்பாக்கியோ வாங்கும்போதே, வாங்குபவர் டீலரிடம் நிரப்பிக் கொடுக்கும் படிவமான ஃபாரம் 4473ஐச் சந்திப்பீர்கள். டீலரிடம் ரைஃபிள், ஷாட்கன் வாங்க 18 வயது, கைத்துப்பாக்கிக்கும் சப்ரஸருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு இந்தப் படிவத்தில் பெரிய சிக்கல் பெயர்தான். அப்பா பெயர் கடைசிப் பெயர், சிலருக்கு முதல் பெயர், சிலருக்கு வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு மாதிரி. படிவத்தில் உங்கள் சட்டப்பூர்வமான முழுப் பெயரை எழுத வேண்டும். பெயரின் ஒரு பகுதி வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பக்கத்தில் 'ஐஓ' என்ற இரண்டு எழுத்தைச் சேர்க்கச் சொல்லும், நடுப்பெயரே இல்லை என்றால் 'என்எம்என்' என்று எழுதச் சொல்லும். கடைப் பையன்கள் பலருக்கே இது தெரியாது. அடையாள அட்டைகளைக் கிரீன் கார்டோடு ஒத்துப்போகும்படி முதலிலேயே திருத்திக்கொள்வது நல்லது. நான் அதைச் செய்யாமல் போய், கவுன்டரில் நாற்பது நிமிடம் நின்று, வெறுங்கையோடு திரும்பினேன். முகவரியும் அப்படித்தான். வீடு மாறியிருந்தால் உரிமத்தில் புது முகவரி இருக்க வேண்டும், அல்லது புது முகவரியுள்ள வேறொரு அரசு ஆவணம், வாகனப் பதிவு மாதிரி ஒன்று, கையில் வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது.

படிவத்தைக் கொடுத்ததும் டீலர் எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பதில் மூன்றில் ஒன்று: கொடுக்கலாம், தாமதம், மறுப்பு. தாமதம் வந்தால் பதற வேண்டாம். உங்கள் பெயரிலேயே இன்னொருவர் இருந்தாலும் தாமதம் வரும். ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து யூபின் என்ற தனி எண்ணை வாங்கிக்கொள்ளலாம், அதை எழுத 4473இல் தனி இடமே இருக்கிறது.

கேள்விகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றவை படித்தாலே புரியும். ஒன்று, நீங்கள்தான் உண்மையான வாங்குநரா என்பது. நண்பர் பணம் கொடுத்து அவருக்காக நீங்கள் வாங்கினால் அது பொய் அறிக்கை. அந்த நண்பர் சட்டப்படி வாங்கத் தகுதியுள்ளவராகவே இருந்தாலும் குற்றம்தான் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. இரண்டாவது, கஞ்சா. உங்கள் மாநிலத்தில் அது கடையில் விற்கலாம், ஆனால் மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது குற்றம் என்று அந்தக் கேள்விக்குக் கீழேயே எச்சரிக்கை இருக்கிறது.

சப்ரஸர், படி படியாக

1. எதற்கு என்று முடிவு செய்யுங்கள். .22க்கு மட்டும் என்றால் சிறியது, லேசானது, 300 முதல் 500 டாலருக்குக் கிடைக்கும். .22 தோட்டா ஈயத்தையும் கரியையும் உள்ளே அப்பிவிடும், ஆகவே பிரித்துக் கழுவக்கூடியதை மட்டும் வாங்குங்கள். வேட்டை ரைஃபிளுக்கு .30 அளவு சப்ரஸர் ஒன்று வாங்கினால் அதைவிடச் சிறிய தோட்டாக்களுக்கும் பெரும்பாலும் பயன்படுத்தலாம், கொஞ்சம் சத்தம் கூடும், அவ்வளவுதான். பெரிய தோட்டாவைச் சிறிய சப்ரஸரில் ஒருபோதும் சுடக் கூடாது. டைட்டானியம் லேசு, தொடர்ந்து வேகமாகச் சுட்டால் தாங்காது. எஃகும், இன்கோனெல் என்ற நிக்கல் கலப்பு உலோகமும் கனம், ஆனால் உழைக்கும். மலையிலும் காட்டிலும் தூக்கி நடப்பவருக்கு எடைதான் முக்கியம்.

2. உங்கள் குழலின் முனையில் மரை இருக்கிறதா, என்ன மரை என்று பாருங்கள். .22க்கும் ஏஆர்-15 ரைஃபிளுக்கும் பொதுவாக 1/2-28, .308க்கு 5/8-24. இந்த எண்ணைத் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

3. டீலரைத் தேடுங்கள். எல்லாத் துப்பாக்கிக் கடையும் சப்ரஸர் விற்க முடியாது. சாதாரண விற்பனை உரிமத்தோடு, வருடாந்தரச் சிறப்பு வரியும் கட்டியவர்தான் விற்கலாம். 'கிளாஸ் 3 டீலரா?' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். நீங்கள் வசிக்கும் மாநிலத்து டீலரிடமிருந்துதான் பொருள் உங்கள் கைக்கு வர முடியும். வேறு மாநிலக் கடையில் இணையத்தில் வாங்கினால், அது டீலருக்கு டீலர் மாற்றும் ஃபாரம் 3 வழியாக முதலில் உங்கள் ஊர் டீலருக்கு வரும், பிறகுதான் உங்கள் விண்ணப்பம். அந்த டீலர் இதற்கு எவ்வளவு கட்டணம் வாங்குகிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

4. பணத்தைக் கட்டுகிறீர்கள். பொருள் உங்களுடையது, ஆனால் அது டீலரின் பெட்டகத்திலேயே இருக்கும். ஒப்புதல் வரும்வரை வீட்டுக்குக் கொண்டுபோக வழியே இல்லை. டீலரிடமே ரேஞ்ச் இருந்தால், அவர் கண்முன்னே அங்கேயே வைத்துச் சுட்டுப் பார்க்கச் சில கடைகள் விடுவார்கள்.

5. ஃபாரம் 4. இதுதான் மாற்றல் விண்ணப்பம். துப்பாக்கிகளைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் இ-ஃபார்ம்ஸ் தளத்தில் நீங்களும் கணக்குத் திறக்க வேண்டும், டீலரும் நீங்களும் அவரவர் பின் எண்ணைப் போட்டு உறுதி செய்வீர்கள். பாஸ்போர்ட் அளவு புகைப்படம் வேண்டும். கைரேகையை எஃப்டி-258 அட்டையில் மையால் பதியலாம், அல்லது டிஜிட்டல் கோப்பாகக் கொடுக்கலாம். பெரிய கடைகளில் இதற்கென்றே கியோஸ்க் வைத்திருக்கிறார்கள். ரேகை தேய்ந்திருந்தால் அட்டை திரும்பி வரும், பொறுமையாகத் திரும்பப் பதிய வேண்டியதுதான். படிவத்தின் ஒரு பிரதியை உங்கள் பகுதி ஷெரிஃபுக்கோ போலீஸ் தலைவருக்கோ தபாலில் அனுப்ப வேண்டும். 2016க்கு முன்பு தனிநபர் விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்தே தேவைப்பட்டது, இப்போது தகவல் தெரிவித்தால் போதும்.

6. காத்திருங்கள். காகித விண்ணப்பக் காலத்தில் எனக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆனது. 2021 டிசம்பரில் ஃபாரம் 4 இணையத்துக்கு வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கி, 2024இல் பலருக்குச் சில நாட்களிலேயே ஒப்புதல் வந்தது. கூட்டம் கூடினால் நாள் கூடும். டீலரைத் தினமும் போனில் கேட்டுப் பயனில்லை, அவர் கையில் எதுவும் இல்லை.

7. ஒப்புதல் வந்ததும் கடைக்குப் போய், 4473ஐ நிரப்பி, ஃபாரம் 4இல் இருக்கும் வரிசை எண்ணும் பொருளில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். இதை டீலரிடம் விடாதீர்கள். எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தால், உங்கள் கையில் இருப்பது பதிவில்லாத பொருள் ஆகிவிடும்.

தனிநபரா, டிரஸ்டா?

என் பெயரில் பதிவான சப்ரஸரை நான் பக்கத்தில் இருக்கும்போது மனைவி பயன்படுத்தலாம். நான் வெளியூரில் இருக்கும்போது பெட்டகத்தின் கடவு எண் அவளுக்கும் தெரியும் என்றால், அவள் அதை 'வைத்திருக்கிறாள்' என்ற வாதத்துக்கு இடம் வந்துவிடுகிறது. இதற்காகத்தான் என்எஃப்ஏ டிரஸ்ட் என்று ஒன்று எழுதுகிறார்கள். பொருள் டிரஸ்டின் பெயரில் இருக்கும், டிரஸ்டிகள் ஒவ்வொருவரும் தனியாக அதை வைத்திருக்கவும் எடுத்துப்போகவும் உரிமையுள்ளவர்கள். நம் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போவதும் ஒழுங்காக நடக்கும். ஆனால் 2016 முதல் ஒவ்வொரு டிரஸ்டியும் கைரேகையும் படமும் கேள்வித்தாளும் கொடுக்க வேண்டும். ஐந்து நண்பர்களைச் சேர்த்து டிரஸ்ட் எழுதினால் ஐந்து பேரின் விரலையும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் துரத்த வேண்டியிருக்கும். குடும்பத்துக்குள் கணவன் மனைவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மனைவி இன்னும் எச்-4இல் இருந்தால் அவரை டிரஸ்டி ஆக்கவே கூடாது.

பெட்டகத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். என் அப்பா பி-2 விசாவில் வந்திருந்தார். கல்லூரி நாட்களில் என்சிசியில் .303 சுட்டவர், அதை அவர் பேரனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். என் ரைஃபிளை ஒரு தடவை தோளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் கொடுக்கவில்லை. தடையுள்ளவர் என்று தெரிந்தே ஒருவர் கையில் கொடுப்பது எனக்கும் குற்றம். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் மனது கேட்கவில்லை. ஆனாலும் அவர் இருந்த ஐந்து மாதமும் பெட்டகத்தின் எண்ணை மாற்றித்தான் வைத்திருந்தேன். பெற்றோர் வரும்போது நீங்களும் மாற்றிவிடுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் தோட்டாவுக்கு முன், குழலுக்குள் போகும் அளவுக்கம்பி ஒன்றை வாங்கி உள்ளே விட்டுப் பாருங்கள். கம்பி சப்ரஸரின் வாய்க்கு நடுவில் வந்து நிற்க வேண்டும். மரை கோணலாக இருந்தால் தோட்டா தடுப்பில் இடிக்கும், ஆயிரம் டாலர் பொருள் ஒரே நொடியில் கிழியும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. சில தோட்டாக்களுக்கு ஒருமுறை இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். துணியைச் சுற்றிக்கொண்டுதான் தொட வேண்டும், பத்து தோட்டாவிலேயே கை பொத்துப்போகும் சூடு வரும்.

ஒப்புதல் பெற்ற ஃபாரத்தின் நகல் ஒன்று துப்பாக்கிப் பையிலும், படம் போனிலும் இருக்கட்டும். அசலைப் பத்திரப்படுத்துங்கள். திருடு போனால் உடனே போலீஸுக்கும் ஏடிஎஃப்புக்கும் தெரிவியுங்கள். வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போக சப்ரஸருக்கு முன் அனுமதி தேவையில்லை, போகும் மாநிலமும் வழியிலுள்ள மாநிலமும் சப்ரஸரைத் தடுக்கும் அந்த எட்டில் ஒன்றாக இல்லாதிருந்தால் போதும். குட்டை ரைஃபிள் வேறு கணக்கு, அதற்கு 5320.20 என்ற படிவத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் எல்லை தாண்ட வேண்டும்.

குட்டை ரைஃபிளை ரெடிமேடாக ஃபாரம் 4இல் வாங்கலாம், அல்லது கையிலிருக்கும் ரைஃபிளை மாற்ற ஃபாரம் 1இல் அனுமதி கேட்கலாம். ஒப்புதல் வந்த பிறகுதான் குட்டைக் குழலை மாட்ட வேண்டும், உங்கள் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் அதன்மேல் பொறிக்கவும் வேண்டும். ஏஆர் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ஒரு தோள்கட்டையைப் பொருத்தினாலே அது பதிவில்லாத குட்டை ரைஃபிள். பொருத்தவில்லை, பக்கத்தில்தான் வைத்திருந்தேன் என்பதும் சில சமயம் காப்பாற்றாது.

இணையத்தில் 'சால்வன்ட் டிராப்' (துப்பாக்கியைக் கழுவும் திரவத்தைப் பிடிக்கும் குழாய்), 'ஃபில்டர்' என்ற பெயரில் ஐம்பது அறுபது டாலருக்கு விளம்பரம் வரும். சைலன்சருக்காகவே செய்த ஒரு பாகம்கூடச் சட்டத்தில் சைலன்சர்தான். அந்தப் பார்சல் வந்த வீடுகளுக்கு ஏடிஎஃப் அதிகாரிகளும் வந்திருக்கிறார்கள். வாங்காதீர்கள்.

கடைசியாக, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பையின் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கிவிட்டு, ஊரிலிருந்து திரும்பும்போது விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்து, இந்திய ஆயுதச் சட்டத்தில் வழக்கு வாங்கிய வெளிநாட்டு இந்தியர்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்குப் போனவர்கள் வாய்தாவுக்கு அலைந்தார்கள். என் ரேஞ்ச் பை சிவப்பு நிறம், கராஜில் ஒரு ஆணியில் தொங்குகிறது. வீட்டில் யாரும் அதில் துணி வைக்கக் கூடாது என்பது குழந்தைகளுக்கும் தெரியும்.